எண்ணூரின் துயரம் எவர் மொழியில் எழுதப்படுவது?

எண்ணூர்க் கழிமுகம் சாம்பலால் தூர்ந்துபோன கதையை ஆங்கிலம் அறிந்த ஒருவர் இலண்டனில் இருந்துகொண்டே முழுமையாகப் படித்தறிய இயலும். எந்த ஆண்டில் எத்தனை ஏக்கர் பறிபோயிற்று, எந்த நிலப்படத்தில் எந்த ஆறு அழிக்கப்பட்டது, எந்த ஊரின் இறால் எப்போது அற்றுப்போயிற்று என்பன எல்லாம் ஆங்கிலத்தில் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. ஆனால் திருவொற்றியூர்த் தேரடியில் தேநீர்க்கடைப் பலகையில் அமர்ந்து நாளிதழை விரித்திருக்கும் தமிழர், தம் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவிலுள்ள அதே கழிமுகத்தைப் பற்றித் தம் மொழியில் அவ்வளவு தெளிவாகப் படித்தறிய வழியில்லை. ஏதம் நடந்த நாளன்று அவருக்குச் செய்தி வருகிறது. அது ஏன் நடந்தது, இருபது ஆண்டுகளாக அது எவ்வாறு உருவாகி வந்தது என்பது அவரை எட்டுவதே இல்லை.

இந்த வேறுபாடு எவ்வாறு வந்தது? தமிழ்ச் செய்தியாளர்க்கு அறிவில்லையா? துணிவில்லையா? இரண்டும் உண்டு. இல்லாதது ஒன்றே. ஒரு செய்தியின் பின்னால் ஓராண்டு அலைவதற்கு அவர்க்குச் சோறு போடுவார் எவரும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதுவார்க்கு அச்சோற்றைப் போட உலகெங்கும் ஏற்பாடுகள் உள்ளன. இதழாளர் நல்கை என்பது அவ்வேற்பாட்டின் பெயர்.

நல்கை என்றால் விருதன்று. விருது எழுதி முடித்தவனுக்குத் தரும் மாலை. நல்கை எழுதத் தொடங்குபவனுக்குத் தரும் வழிச்செலவு. பேருந்துக் கட்டணம், தங்குமிடம், ஆவணங்களுக்குக் கட்டும் பணம், அந்தத் திங்களில் வீட்டு அடுப்பு எரிவதற்கான பொருள் ஆகியவை அதில் அடங்கும். அமெரிக்காவில் வாசிங்டன் நகரில் 2006-இல் தொடங்கப்பட்ட புலிட்சர் நடுவம் இத்தகைய நல்கைகளைத் தந்து வருகிறது. அவற்றுள் பெர்சிபோனி மீல் என்னும் அம்மையாரின் பெயரால் வழங்கப்பட்ட ஒன்று, அமெரிக்காவுக்கும் மேலை ஐரோப்பாவுக்கும் வெளியே உள்ள இதழாளர் தம் சொந்த நாட்டில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் சிக்கல்களை எழுதுவதற்கென்றே ஏற்படுத்தப்பட்டது. இங்கே தில்லியிலுள்ள தேசிய அறநிறுவனம் ஒன்று 1995 முதலே இதழாளர்க்கு நல்கை தந்துவருகிறது. இவற்றால் நன்மை விளையவில்லை என்று எவரும் கூறமுடியாது. எழுதப்படாமலே போயிருக்கக் கூடிய பலவும் இவற்றால் எழுதப்பட்டன.

ஆயினும் ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். பணம் தருபவர் எவரோ அவர் படிக்கும் மொழியில்தான் எழுத்து அமையும். விண்ணப்பம் ஆங்கிலத்தில், தேர்வாளர் ஆங்கிலத்தில், எழுத்து சென்று சேரவேண்டிய இடம் 'பன்னாட்டுப் படிப்பாளர்' என்று முன்கூட்டியே குறிக்கப்படுகிறது. 'தம் சொந்த நாட்டில்' என்று சொல்லி அனுப்பிவிட்டு, 'தம் சொந்த மொழியில்' என்று சொல்ல மறந்துவிட்டார்கள். மறந்தார்கள் என்பதும் பெருந்தன்மையான சொல்தான். அவர்களுக்கு அது தோன்றவே இல்லை. அவர்களைக் குறை சொல்வதில் பொருளில்லை. பிறன் வீட்டு விருந்தில் தன் வீட்டுச் சமையல் இல்லையே என்று எவன் சினப்பான்? தன் வீட்டில் அடுப்பு மூட்டாதவன்தான்.

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள கரையை எண்ணிப் பார்த்தால் இந்தக் குறை எவ்வளவு பெரிது என்பது விளங்கும். தென்னாட்டின் முதல் தொடர்வண்டி நிலையம் 1856-இல் இராயபுரத்தில்தான் திறக்கப்பட்டது. துறைமுகம், ஆலைகள், கிடங்குகள், எண்ணெய்த் தூய்விப்பு ஆலை, உர ஆலை, அனல்மின் நிலையங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அந்தக் கரையில்தான் வந்திறங்கின. சென்னையின் விளக்குகள் எரிய வேண்டிய கரியெல்லாம் அங்கே எரிந்தது. சாம்பலும் அங்கேயே தங்கியது. துறைமுகக் கரித்தூசு இராயபுரத்தார் கொடியில் உலர்த்திய துணியைக் கறுப்பாக்கியது. உயர்வழக்குமன்றத்தின் ஆணையால் 2011 அக்டோபர் முதல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளப்படுவது நின்றது. நின்றதா? அந்தக் கரி, 2001-இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகத்திற்கு வடக்கே நகர்ந்து போயிற்று, அவ்வளவே. நகரின் மூக்குக்கு எட்டாத தொலைவுக்குப் போய்விட்டால் தூசு தூசாகாது போலும்.

1970-இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் 1994 முதல் இயங்குகிறது. அதன் சாம்பல் நீரோடு கலந்து குழாய்கள் வழியே சேப்பாக்கம் அருகிலுள்ள சாம்பல் குளத்திற்குப் போகவேண்டும். குழாய் உடைந்தபோதெல்லாம் சாம்பல் கொசத்தலையாற்றில் இறங்கியது. ஆறு மேடானது. படகு தட்டியது. முழங்கால் நீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்தவர்களின் விரல்களுக்குச் சாம்பல்தான் அகப்பட்டது.

இதில் செய்தி எங்கே இருக்கிறது? குழாய் உடைந்த ஒரு நாளில் இல்லை. முப்பது ஆண்டுகளில் ஓர் ஆறு ஒவ்வொரு விரற்கடையாக மேடானதில் இருக்கிறது. ஒரு நாளில் நடப்பதை ஒரு நாளிதழ் எழுதும். முப்பது ஆண்டுகளில் நடப்பதை எழுத வேறொருவர் வேண்டும்; அவருக்கு வேறு வகையில் ஊதியம் வேண்டும்.

2023-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களை எடுத்துக்கொள்ளலாம். மிக்சாம் புயல் மழையின்போது மணலி எண்ணெய்த் தூய்விப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் கலந்து எண்ணூர்க் கழிமுகம் முழுதும் பரவியது. வீட்டுச் சுவர்களில் இடுப்பளவுக்குக் கறுப்புக் கோடு. படகும் வலையும் எண்ணெயில் ஊறிக் கிடந்தன. மீனவர்கள் வாளியாலும் வெறுங்கையாலும் அதை அள்ளினார்கள். அந்தப் பிசுக்கு அகலுமுன், திசம்பர் 26 நள்ளிரவில், பெரியகுப்பத்தை ஒட்டிக் கடலுக்கடியில் செல்லும் உர ஆலைக் குழாயிலிருந்து அம்மோனியா வளி கசிந்தது. உறக்கத்திலிருந்த மக்கள் மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அந்த இரவைத் தமிழ் நாளிதழ்கள் எழுதின, தொலைக்காட்சிகள் காட்டின. அதற்காக அவற்றைப் பாராட்டலாம். கிழமை இரண்டு கழிந்ததும் பொங்கல் வந்தது. பொங்கல் மலர் வந்தது. எண்ணூர் பின்பக்கத்திற்குப் போயிற்று. அந்தக் குழாயை எந்த ஆண்டில் எவர் இசைவுடன் பதித்தார்கள், எத்தனை முறை ஆய்ந்தார்கள், ஊரார்க்கு எச்சரிக்கை மணி ஏன் அடிக்கப்படவில்லை என்று ஆறு திங்கள் அலைந்து கேட்பதற்கு எந்த அலுவலகம் எந்தச் செய்தியாளரை விடுவித்து அனுப்பும்?

ஒரு வட்டாரச் செய்தியாளரின் நிலையை அறிந்தவர்கள் இந்தக் கேள்விக்கு விடையை எதிர்பார்க்க மாட்டார்கள். பலருக்குத் திங்கள் ஊதியமே இல்லை. அச்சான செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. காவல் நிலையம், மருத்துவமனை, மாநகராட்சி மண்டல அலுவலகம், கட்சிக் கூட்டம் என்று நாள் முழுதும் சுற்றவேண்டும். சில இடங்களில் திருவிழாவுக்கு விளம்பரம் பிடித்துத் தருவதும் அவர் தலையில்தான். விளம்பரம் தருபவர் எவர்? அந்த வட்டாரத்தில் பணமுள்ளவர். பணமுள்ளவரைக் கேள்வி கேட்கும் செய்தியை அதே கையால் எழுது என்றால் அந்தக் கை என்ன செய்யும்!

நிலப்படத்தின் கதை இன்னும் கூர்மையானது. 1996-இல் ஏற்கப்பட்ட கடற்கரை ஒழுங்குமுறை நிலப்படத்தில் எண்ணூர்க் கழிமுகம் நீர்நிலை என்று தெளிவாக இருக்கிறது. அங்கே ஆலை எழுப்பலாகாது. பின்னர்ப் புழக்கத்தில் விடப்பட்ட ஒரு நிலப்படத்திலோ ஏறத்தாழ 6,500 ஏக்கர்க் கழிமுகம் காணாமற் போயிருந்தது. ஆறு அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது, தாளில் இல்லை. இந்தப் புரட்டு 2017-இல் வெளிப்பட்டது. வெளிப்படுத்தியவர்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பம் போட்டு, விடை வரும்வரை காத்திருந்து, வந்த படத்தைப் பழைய படத்தோடு ஒட்டிப் பார்த்த சிலரே. நித்தியானந்த் செயராமன் போன்ற சென்னையின் சூழலியல் எழுத்தாளர்களும் கடற்கரை ஆய்வுக் குழுவினரும் மீனவர்களும் சேர்ந்து செய்த வேலை அது. அதே ஆண்டு சனவரியில் டி.எம். கிருட்டிணா சென்னைப் புறம்போக்குப் பாடலை எண்ணூரில் நின்று பாடினார். அக்டோபரில் நடிகர் கமல்காசன் ஆற்றில் இறங்கிப் பார்த்தார். நடிகர் கால் நனைத்த அன்று படக்கருவிகள் அனைத்தும் அங்கிருந்தன. படம் எடுத்தவர்களுள் எத்தனை பேர் மறுகிழமை அந்த நிலப்படத்தைத் தேடித் திரும்பி வந்தார்கள் என்று எண்ண ஒரு கைவிரல்கள் போதும்.

தாளைத் தாளோடு ஒட்டிப் பார்க்கும் அந்த வேலைதான் நல்கை வாங்கித் தரும் வேலை. அதில் வீரம் தெரியாது, அலுப்புத்தான் தெரியும். ஆனால் ஆறாயிரத்து ஐந்நூறு ஏக்கரைத் தாளிலிருந்து திருடிய கையைப் பிடித்தது அந்த அலுப்புத்தான்.

ஆங்கிலத்தில் எழுதினால் என்ன, செய்தி வெளிவந்தாற் போதாதா என்று கேட்கும் தமிழர் உண்டு. படித்த தமிழருள் அவர்களே பெரும்பான்மையர். அவர்களுக்கு ஒரு சொல்லைக் காட்டலாம். எண்ணூர், பழவேற்காட்டு மீனவரிடையே 'பாடு' என்றொரு முறை உண்டு. கழிமுகத்தில் எந்த இடத்தில் எந்த நாளில் எவர் வலைகட்டுவது என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. வலியவன் எல்லாவற்றையும் வாரிக்கொள்ளாதபடி முன்னோர் வகுத்த நயன்மை. இந்தச் சொல்லைத் தமிழில் எழுதினால் 'மீன்பாடு', 'படாதபாடு', 'உன் பாடு என் பாடு' என்னும் சொற்களெல்லாம் அதனோடு உடன் வருகின்றன. ஆங்கிலக் கட்டுரையில் அதே சொல் சாய்வெழுத்தில் நிற்கிறது, பக்கத்தில் ஒருவரி விளக்கம், முடிந்தது. சாம்பல் இறங்கி ஓர் இடம் மேடானால் அங்கு இறால் போவதோடு நிற்பதில்லை. அந்த இடத்திற்கு முறைவைத்திருந்த குடும்பம் அடுத்த குடும்பத்தின் முறையில் கை வைக்க நேர்கிறது. ஊருக்குள் மனத்தாங்கல் வருகிறது. ஆலையால் வந்த கேடு அண்ணன் தம்பிச் சண்டையாக உருமாறி நிற்பதை, பாடு என்னும் சொல்லுக்குள் வாழ்ந்தவன்தான் கண்டுபிடிப்பான். வாடைக்கும் கொண்டலுக்கும் வேறுபாடு தெரியாதவன் எந்தத் திங்களில் எந்த ஆலையின் புகை எந்தக் குப்பத்தின் மேல் இறங்கும் என்று எழுதத் தொடங்கினால், அலுவலர் தந்த அட்டவணையைத்தான் படியெடுக்க நேரும்.

இன்னும் ஒன்று. சட்டமே இந்த மக்களிடம் பிறமொழியில் பேசுகிறது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி ஓர் ஆலை வருவதற்குமுன் மக்கள் கருத்துக் கேட்கவேண்டும். அதற்காக நூற்றுக்கணக்கான பக்கங்களில் அறிக்கை உருவாகிறது, ஆங்கிலத்தில். மக்கள் மொழியில் தரவேண்டியது அதன் சுருக்கம் மட்டுமே. நஞ்சு எவ்வளவு என்பது ஆங்கிலத்தில் விரிவாகவும், வேலைவாய்ப்பு வரும் என்பது தமிழில் சுருக்கமாகவும் வந்து சேரும். 2020-இல் அந்த அறிவிக்கையையே திருத்தி எழுத முனைந்தபோது ஒன்றிய அரசு வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியிட்டது. எட்டாம் அட்டவணையிலுள்ள எல்லா மொழிகளிலும் பெயர்த்து வெளியிடுக என்று தில்லி உயர்வழக்குமன்றம் 2020 சூன் 30-இல் ஆணையிட்டது. அரசு அதைப் பெயர்த்ததா? பெயர்க்கமாட்டேன் என்று உச்சவழக்குமன்றம் வரை போயிற்று. எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத்திற்கான கருத்துக்கேட்பு 2024 திசம்பர் 20-இல் நடந்தது. அத்தகைய கூட்டத்திற்குப் போகும் மீனவப் பெண் ஒருவர் முதல்நாள் இரவு கையில் வைத்துப் படிக்கத்தக்கதாக, அந்தப் பெரிய அறிக்கையைத் தமிழில் பிரித்து மேய்ந்த ஒரு நீள்கட்டுரை இருந்தால், மேடையில் இருப்பவர்களின் முகம் வேறாக இருக்கும். ஆங்கிலக் கட்டுரையால் அந்தப் பெண்ணுக்கு என்ன பயன்?

நல்கையால் என்ன செய்ய முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டு மண்ணிலேயே சான்று இருக்கிறது. சென்னையில் பிறந்த பா. சாய்நாத் 1993-இல் டைம்சு ஆப் இந்தியா இதழின் நல்கை பெற்று, ஐந்து மாநிலங்களில் மிகவும் வறிய மாவட்டங்களில் அலைந்தார். அவற்றுள் இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் உண்டு. இராமநாதபுரத்துப் பனையேறி ஒருவர் ஒரு நாளில் ஏறி இறங்கும் உயரம் எவ்வளவு என்று அவர் கணக்கிட்டு எழுதினார். அதுவரை பனையேறியைப் பாடலில் பாடியவர் உண்டு, ஓவியத்தில் தீட்டியவர் உண்டு. அவர் ஏறும் உயரத்தை அளந்தவர் இல்லை. அந்தக் கட்டுரைகள் 1996-இல் ஆங்கில நூலாயின. அந்நூல் இன்றும் விற்கிறது. அதன் வருவாயிலிருந்து சிற்றூர்களில் எழுதும் இதழாளர்க்கு அவர் பரிசு ஏற்படுத்தினார் என்பது தனியே போற்றத்தக்கது. ஆனால் கேட்கவேண்டிய கேள்வி அவரைப் பற்றியதன்று. இராமநாதபுரத்துப் பனையேறியை அளக்க மும்பையின் ஆங்கில முதலாளி இதழ் பணம் தரவேண்டியிருந்தது. இலக்கக் கணக்கில் விற்ற தமிழ் நாளிதழ்களில் எதற்கும் அந்த எண்ணம் ஏன் எழவில்லை?

சாய்நாத் 2014-இல் தொடங்கிய ஊரக மக்கள் ஆவணக் காப்பகம் அந்த வழியில் இன்னோர் அடி வைத்தது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து 'பாரி' என்று நிற்கின்றன. பறம்புமலையான் பெயர் எதிர்பாராமல் வந்து பொருந்திக்கொண்டது. அங்கே நல்கை பெறுவோர் தம் சொந்த வட்டாரத்தையே எழுதலாம். கட்டுரைகள் தமிழ் உட்படப் பல மொழிகளில் பெயர்க்கப்படுகின்றன. 2019-இல் அதன் நல்கை பெற்றவருள் ஒருவர் மதுரையைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் பழனிக்குமார். மீன் விற்ற தாயின் மகன். மலக்குழித் தொழிலாளரைப் பற்றித் திவ்யபாரதி இயக்கி 2017-இல் வெளிவந்த ஆவணப்படத்திற்கு ஒளிப்பதிவு செய்தவர். நல்கை கிடைத்ததால் அவர் படக்கருவியோடு ஊர் ஊராகப் போக முடிந்தது. தூய்மைப் பணியாளர், மீன் விற்கும் பெண்கள், கடற்பாசி எடுக்கும் பெண்கள் என்று எவர் முகத்தை எவரும் படமெடுக்கவில்லையோ அவர்களை எடுத்தார். பின்னர் வியாசர்பாடி இளைஞர்களுக்கு ஒளிப்படக் கலையைக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் எடுத்த வடசென்னைப் படங்கள் 2023-இல் சென்னையில் காட்சிக்கு வைக்கப்பட்டன. வடசென்னை என்றால் அரிவாளும் கானாவும் என்று திரைப்படம் கற்பித்த ஊருக்கு, வடசென்னைப் பிள்ளைகளே தம் தெருவைக் காட்டினார்கள். ஒருவருக்குக் கிடைத்த நல்கை பலருக்குக் கண்ணானது. ஒற்றை ஆளுக்குத் தந்த பொருள் அவ்வாளோடு முடிந்துபோவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தமிழர்க்கு இது புதிய கலையும் அன்று. 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்டபோது, அவர்கள் பக்கம் நின்று பேசிய திரு.வி.க. கையில் 'தேசபக்தன்' நாளிதழ் இருந்தது. பெயரில் வடமொழி, உள்ளே தமிழ். அரசியலையும் கூலியையும் ஆலைக் கதவடைப்பையும் நல்ல தமிழில் எழுதமுடியும் என்று அவர்தான் காட்டினார். 1923-இல் மே நாளைக் கொண்டாடிய சிங்காரவேலர் அதே ஆண்டில் 'தொழிலாளன்' என்னும் தமிழிதழை நடத்தினார். ஆலைக்குள் என்ன நடக்கிறது என்பதை ஆலையில் உழைப்பவன் மொழியில் எழுதவேண்டும் என்று அவர்க்கு எந்த வாசிங்டன் நடுவமும் சொல்லித் தரவில்லை. நூறாண்டுக்கு முன் வடசென்னைத் தொழிலாளிக்குத் தன் மொழியில் தனக்கென இதழ் இருந்தது. இன்று அவன் பேரன் கையில் திறன்பேசி இருக்கிறது. அதில் அவன் கையொப்பமிட்ட வேலை ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கிறது.

ஆகவே பணம் எங்கிருந்து வருவது என்பதைத்தான் பேசவேண்டும். அயல்நாட்டுப் பணம் எளிதன்று. 1976-இல் இயற்றி 2010-இல் மாற்றி எழுதப்பட்ட அயல்நாட்டு நன்கொடைச் சட்டம், பதிவுபெற்ற இதழ்களின் ஆசிரியரும் செய்தியாளரும் பத்தி எழுதுவோரும் அயல்நாட்டு நன்கொடை பெறுவதைத் தடுக்கிறது. படிப்புதவி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கின் எல்லை எது என்பது, எழுதப்பட்ட செய்தி எவரைச் சுட்டது என்பதைப் பொறுத்து முடிவாகும் காலம் இது. சிங்கப்பூரிலும் கனடாவிலும் இலண்டனிலும் உள்ள தமிழர் கொடுக்க முன்வந்தாலும் இந்தச் சட்டத்தை அறிந்தவர் துணையோடுதான் கொடுக்கவேண்டும்.

ஆலைகளின் பணம் வேண்டவே வேண்டா. 2013-ஆம் ஆண்டின் நிறுமச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் தம் ஊதியத்தில் நூற்றுக்கு இரண்டைக் குமுகாயப் பணிக்குச் செலவிடவேண்டும். எண்ணூர்க் கரையெங்கும் அந்த இரண்டு விழுக்காட்டின் பெயர்ப்பலகைகளைக் காணலாம். குடிநீர்த் தொட்டி, பள்ளிப்பை, கண்மருத்துவ முகாம். அதில் ஒரு பங்கு 'இதழாளர் நல்கை' என்ற பெயரோடு வந்தால், அதை வாங்கியவர் எழுதும் முதற்கட்டுரை கண்மருத்துவ முகாமைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

அரசு என்ன செய்கிறது? இதழாளர்க்குக் கலைஞர் எழுதுகோல் விருதும் ஐந்து இலக்கம் உருபாவும் தருகிறது. நல்லது. ஆனால் அது முன்பு சொன்னதுபோல் எழுதி முடித்தவர்க்கு. கேரளத்தின் ஊடகக் கழகம் மலையாள இதழாளர்க்கு ஆண்டுதோறும் ஆய்வு நல்கை தருகிறது. தம் மொழியில் எழுதுவார்க்குத் தம் அரசே வழிச்செலவு தருவது அங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. சென்னையில் 2025-இல் தமிழ்நாட்டரசு இதழியல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. அது பட்டயத்தோடு நில்லாமல் தமிழில் எழுதுவோர்க்கு நல்கையும் தரலாம். ஆயினும் மின்வாரியத்தின் சாம்பலை எழுதப் புறப்படுபவன் மின்வாரியத்தை நடத்தும் அரசின் பையிலிருந்து எவ்வளவு காலம் உண்ண முடியும் என்பது கேட்கத்தக்க கேள்வியே. எஞ்சியிருப்பது மக்கள் கை.

மக்கள் கையால் ஆகுமா என்று ஐயுறுவோர் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2023 எண்ணெய்க் கசிவுக்குப்பின் அரசு அறிவித்த துயர்துடைப்புத் தொகை: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலைக்கு 12,500 உருபா; 787 படகுகளுக்குப் பத்தாயிரம்; ஏனைய 6,700 குடும்பங்களுக்கு 7,500. மொத்தம் ஏறத்தாழ 8 கோடியே 68 இலக்கம். கேடு நடந்தபின் ஒரே முறை செலவான தொகை இது. இதில் நூற்றில் ஒரு பங்கு 8 இலக்கத்து 68 ஆயிரம். திங்களுக்கு 24,000 உருபா வீதம் மூன்று செய்தியாளர்க்கு ஓராண்டு முழுதும் அது போதும். எண்ணெய் ஆலையின் வடிகால்களை ஒருவர், சாம்பற் குழாய்களை ஒருவர், துறைமுகத்து ஒப்பந்தத் தொழிலாளரை ஒருவர் என்று மூவர் பன்னிரண்டு திங்கள் தொடர்ந்து எழுதினால், அடுத்த கசிவுக்கு முன்னரே ஏதேனும் ஓர் அலுவலர் தம் மேசையை விட்டு எழுந்து போய் ஒரு குழாயைப் பார்க்க நேரும். வடசென்னையில் துறைமுகத் தொழிற்சங்கங்கள் உள்ளன. மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகள் உள்ளன. மண்ணடியிலும் பழைய வண்ணையிலும் தமிழ் வணிகர் உள்ளனர். கோயில் திருவிழாவுக்கு ஒரே நாளில் திரளும் பணம் இதனினும் பெரிது.

நல்கைக்குச் சில கட்டுப்பாடுகள் தேவை. அந்தக் கரையில் வாழ்பவரோ, ஓராண்டு அங்கே வந்து வாழ ஒருப்படுபவரோ தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். எழுத்து முதலில் தமிழில் வரவேண்டும். ஆங்கிலம் விரும்பினால் பின்னர்ப் பெயர்த்துக்கொள்ளட்டும். பணம் தந்தவர் எவரும் அச்சுக்குமுன் அதைப் பார்க்கக் கூடாது. அச்சானபின் முதற்படி எந்தக் குப்பத்தைப் பற்றியதோ அந்தக் குப்பத்திற்குப் போகவேண்டும். ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படிக்கப்பட வேண்டும். தவறிருந்தால் அங்கேயே திருத்தப்பட வேண்டும். ஆங்கிலக் கட்டுரைக்கு இந்தத் தேர்வு ஒருபோதும் நேர்ந்ததில்லை. தன்னைப் பற்றி என்ன எழுதப்பட்டது என்றே அறியாதவர் எவ்வாறு மறுப்பார்?

எழுதப்பட வேண்டியவர்கள் தமிழர் மட்டுமல்லர். 2025 செப்டம்பர் 30-இல் எண்ணூர்ச் சிறப்புப் பொருளியல் மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர் இறந்தனர். பெரும்பாலோர் அசாமிலிருந்து வந்தவர்கள். அவர்களின் பெயர்கள் ஒரு நாள் செய்தியில் வந்தன. உடல்கள் ஊருக்கு அனுப்பப்பட்டன. அவ்வளவு உயரத்தில் அந்தச் சாரம் எவ்வாறு கட்டப்பட்டது, எந்த ஒப்பந்தக்காரரின் கீழ் எந்த ஒப்பந்தக்காரர், அவர்களுக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கை எந்த மொழியில் இருந்தது என்று கேட்டு எழுதத் தமிழ்ச் செய்தியாளர் ஒருவர் இன்னும் அத்திப்பட்டுப் புதுநகர்க்குப் பேருந்து ஏறலாம். கட்டணம் பெரிதில்லை. அங்கே தங்கும் ஆறு திங்களுக்கு அவர் வீட்டு வாடகையை எவர் கட்டுவது என்பதுதான் முடிவாகவில்லை.